கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசப் போகிறீர்களா?

சமையல்காரரைப் பேசும் முன் அவர் சமைத்த இன்னொரு கல்யாணத்தில் சாப்பிட்டுப் பார்த்துவிடலாம். நாதஸ்வரக்காரரைக் கோயில் திருவிழாவில் கேட்டுவிடலாம். போட்டோகிராபரின் வேலை மட்டும் கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நம் கைக்கு வருகிறது. அப்போது குறை தெரிந்தால் யாரையும் மறுபடி மணையில் உட்கார வைக்க முடியாது. அப்படியிருந்தும் பல வீடுகளில் மண்டபம், புடவை, நகை, பத்திரிகை எல்லாம் முடிந்த பிறகு, கையில் மிச்சம் இருக்கிற பணத்துக்குள் போனிலேயே பேசி முடிக்கிற விஷயமாக இது இருக்கிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவருக்கும் பயன்படும் சில குறிப்புகள் இங்கே.

1. மண்டபம் உறுதியான வாரத்திலேயே போட்டோகிராபரையும் பேசிவிடுங்கள். தை, வைகாசி, ஆவணி மாத வளர்பிறை முகூர்த்த நாட்களில் ஒரே ஊரில் பத்து மண்டபமும் நிரம்பியிருக்கும். நல்ல கைக்காரர்கள் ஊருக்கு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். முதலில் போகிறவர்களுக்கு அவர்கள் கிடைப்பார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் அனுப்பும் ஆட்கள்தான். ஆடியும் மார்கழியும் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஓய்வான மாதங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் தையில் என்றால், ஆடியிலேயே ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கும் அப்போதுதான் பழைய ஆல்பங்களை எடுத்துக் காட்டப் பொறுமை இருக்கும்.

2. "முகூர்த்தத்துக்குக் கேமராவோட நீங்களே வருவீங்களா தம்பி?" என்று நேராகக் கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். ஸ்டூடியோவில் நம்மிடம் பேசுபவர் ஒருவர், காட்டுகிற ஆல்பத்தை எடுத்தவர் இன்னொருவர், கல்யாணத்துக்கு வருகிறவர் மூன்றாமவர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ மூன்று நான்கு கல்யாணம் ஒத்துக்கொள்ளும். அத்தனைக்கும் சொந்த ஆள் இருக்காது. தினக்கூலிக்கு வரும் வெளியூர்க் கேமராமேன்களை வைத்துச் சமாளிப்பார்கள். அவர்களிலும் திறமைசாலிகள் உண்டு. ஆனால் யார் வருகிறார்கள் என்பது நமக்கு முன்பே தெரிய வேண்டும். வருகிறவர் பெயரைக் கேட்டு, அவர் எடுத்த படங்களைத் தனியாகப் பார்த்து, அந்தப் பெயரையே ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மனிதரின் கண்ணுக்கும் கவனத்துக்கும்தான். கேமராவின் விலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவரிடம் இதை இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

3. பொறுக்கி எடுத்த முப்பது படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது நல்ல படம் எல்லாரிடமும் இருக்கும். "ஒரே கல்யாணத்தோட மொத்தப் படத்தையும் காட்டுங்க" என்று கேளுங்கள். அதுவும் நீங்கள் பிடித்திருப்பது மாதிரியான மண்டபத்தில், அதே நேரத்தில் நடந்த கல்யாணமாக இருந்தால் நல்லது. மலைப் பின்னணியில் மாலை வெயிலில் எடுத்தவை அழகாக இருக்கத்தான் செய்யும். நம் முகூர்த்தமோ விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில், சூரியனே வராத நேரத்தில், தாழ்வான கூரைக்கு அடியில் நடக்கப் போகிறது. அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். தாலி கட்டும் கணத்தில் பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் கை, பின்னால் நிற்கும் நாத்தனார் மூன்றும் தெரிகின்றனவா? குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் முகமும் தெளிவாக இருக்கிறதா? யார் கண்ணாவது மூடியிருக்கிறதா? பந்தியிலும் சமையல்கட்டிலும் எடுத்த படம் ஏதாவது உண்டா? மேடையைத் தவிர வேறு எங்கும் போகாத போட்டோகிராபர் கல்யாணத்தில் பாதியைத்தான் எடுக்கிறார்.

4. மாநிறமும் கறுப்புமான முகங்களை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று தனியாகப் பாருங்கள். எல்லா முகத்தையும் எடிட்டிங்கில் வெளுப்பாக்கி, தோலின் கோடுகளைத் துடைத்து, பொம்மை மாதிரி ஆக்கித் தருவதை இன்னும் பல ஸ்டூடியோக்கள் சேவையாக நினைக்கின்றன. பெற்ற பெண்ணின் நிறத்தை மாற்றி ஆல்பத்தில் ஒட்டுவதற்கு நாம் பணம் கொடுக்கக் கூடாது. நூறு பேர் கூடும் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். "நிறத்தை மாத்தாதீங்க, முகத்தை வழவழன்னு ஆக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பட்டுப்புடவையின் அசல் நிறம், மஞ்சள் கயிற்றின் நிறம், குங்குமத்தின் நிறம் மூன்றும் படத்தில் சரியாக இருந்தால், முகத்தின் நிறமும் சரியாகவே இருக்கும்.

5. டிரெடிஷனல், கேண்டிட் என்று இரண்டு வகை சொல்வார்கள். டிரெடிஷனல் என்பது எல்லாரையும் நிற்க வைத்துக் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுப்பது. கேண்டிட் என்பது தெரியாமல் எடுப்பது. இப்போது சில இளம் ஜோடிகள் "கேண்டிட் மட்டும் போதும்" என்கிறார்கள். வேண்டாம். வாழ்த்த வந்த உறவினர் ஒவ்வொருவரும் மணமக்களோடு நிற்கும் படம் அவரவருக்கு முக்கியம். சொந்தக்காரர்கள் ஆல்பத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது தங்கள் படத்தைத்தான். இருநூறு பேர் வரும் சின்னக் கல்யாணத்துக்கு இரண்டு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர் தாராளம். ஆயிரம் பேர் வரும் ரிசப்ஷன் என்றால் மேடையை விட்டு நகராத ஒருவர் கட்டாயம் வேண்டும்.

6. உங்கள் வீட்டுச் சடங்குகள் அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஒரே மாவட்டத்திலேயே ஒரு வீட்டுக் கல்யாணம் மாதிரி இன்னொரு வீட்டில் நடப்பதில்லை. பிராமணர் வீடுகளில் காசி யாத்திரை, மாலை மாற்றுதல், ஊஞ்சல் என்று வெளியே நடப்பதெல்லாம் அரை மணி நேரத்தில் ஓடிவிடும். கொங்குப் பகுதியில் இணைச்சீரும் மங்கல வாழ்த்தும் உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவதும் திருப்பூட்டுவதும் பதிவாக வேண்டும். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் நேரத்தில் கேமராமேன் காபி குடிக்கப் போயிருந்தால், அது போனதுதான்.

சுயமரியாதைத் திருமணம் என்றால் அரை மணியில் முடிந்துவிடும் என்று அலட்சியமாக வருவார்கள். 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது செய்த சட்டத் திருத்தப்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் உறுதி கூறுவதோ, மாலை அல்லது மோதிரம் மாற்றிக்கொள்வதோ, தாலி கட்டுவதோதான் அங்கே திருமணம். ஆகவே அந்தச் சில நிமிடங்களை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக் கூடாது.

சடங்குகளை வரிசையாக, உத்தேச நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, புரோகிதரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ சரிபார்த்து, ஒரு வாரம் முன்பே போட்டோகிராபரிடம் கொடுங்கள்.

7. யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று இன்னொரு பட்டியல் எழுதுங்கள். போட்டோகிராபருக்கு யார் தாய்மாமன், யார் பெரியப்பா என்று தெரியாது. நன்றாக உடுத்தி, முன்னால் வந்து நிற்பவர்களையே அவர் கேமரா பிடிக்கும். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி எதிலும் இருக்கமாட்டார்கள். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று இரண்டு பேரை இதற்கென்றே நியமியுங்கள். சித்தப்பா பையனோ, அத்தை பெண்ணோ, எல்லா உறவும் தெரிந்த, வாய் கூசாமல் கூப்பிடக்கூடிய ஒருவர். "அண்ணே, அந்தப் பச்சைப் புடவை எங்க பெரியம்மா, அவங்களை ஒண்ணு எடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருந்தால் ஆல்பமே வேறு மாதிரி வரும்.

பெரியவர்கள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகூர்த்தம் முடிந்ததும் அவர்கள் களைத்துப்போய் அறைக்குப் படுக்கப் போய்விடுவார்கள். அதனால் முதல் நாள் மாலையே, விளக்கு நன்றாக இருக்கும் இடத்தில் நாற்காலி போட்டு, தாத்தாவைத் தனியாக, பாட்டியைத் தனியாக, இருவரையும் சேர்த்து, பேரப் பிள்ளைகளோடு என்று நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பல வீடுகளில் பெரியவர்கள் காலமான பின் கூடத்தில் மாட்டியிருக்கும் படம், ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதாகவே இருக்கிறது. பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் தெரியும். நல்ல பட்டு உடுத்தி, பேரன் கல்யாணத்துக்கு வந்த சந்தோஷத்தோடு இருக்கும் நாளில் அவர்களை ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைப்பது நம் கடமை.

8. மேடை அலங்காரம் செய்பவரும் போட்டோகிராபரும் ஒரு தடவையாவது பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஊதா, நீலம், பச்சை என்று சுழலும் எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்கு ஜோராக இருக்கும். படத்தில் மாப்பிள்ளை முகம் ஊதா, பெண் முகம் பச்சை என்று விழும். எந்த எடிட்டிங்கும் அதை முழுதாகச் சரிசெய்யாது. மேடை முன்புறம் இளமஞ்சள் அல்லது வெள்ளை விளக்கு, வண்ண விளக்குகள் பின்புறம் மட்டும் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் எல்.இ.டி. திரை வைத்தால் வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடக்கூடும். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வீடியோவில் மினுமினுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமராவை அதற்கு ஏற்ப அமைத்தால் இந்த மினுமினுப்பு பெரும்பாலும் போய்விடும். தெரிந்தவர் முதல் நாள் மாலையே மேடைக்கு வந்து சோதித்துப் பார்ப்பார். வராதவரை வரச் சொல்லுங்கள். ஓமப் புகை கூரைக்கு அடியில் தங்கும் மண்டபமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

9. வந்தவர்கள் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். போட்டோ, வீடியோ, லைட் பிடிப்பவர் என்று ஆறேழு பேர் மணவறையைச் சூழ்ந்துகொண்டால், ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் காத்திருக்கும் அத்தைக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். அட்சதை கேமராமேன் தலையில் விழும். "இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர், நடுவுல யாரும் நிக்கக் கூடாது" என்று முன்பே இடம் குறித்துக் கொடுங்கள். சற்றுத் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுக்கத் தெரிந்தவர் இதற்குத் தயங்கமாட்டார். செல்போனோடு மேடையேறும் உறவினரைத் தடுக்க ஒரு மாமா தேவை. அவரையும் நியமித்துவிடுங்கள்.

10. ரிசப்ஷனில் வரிசை நிற்கும்போது மணமக்களை "போஸ்" கொடுக்க அழைத்துப் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஜோடிப் படங்களை விருந்தினர் வருவதற்கு முன் முடிக்க வேண்டும்.

11. விலையைக் கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கீழே உள்ளவை ஒவ்வொன்றும் அதில் அடக்கமா என்று கேளுங்கள்: எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம், எத்தனை ஆட்கள், நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு, வெளியூர் என்றால் வண்டி, தங்குமிடம் யார் செலவு, ஆல்பம் எத்தனை, என்ன அளவு, எத்தனை ஷீட், முழு வீடியோ, ஹைலைட்ஸ் இரண்டும் உண்டா, நேரலை உண்டா. போட்டோ சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு பெற்ற நிறுவனம் சொல்லும் விலையில் அது சேர்ந்ததா, மேலே வருமா என்று அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் என்று பேசிவிட்டுக் கடைசியில் பதினெட்டாயிரம் கூடக் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஆல்பத்தில்தான் கணக்கு அதிகம் மாறும். 12க்கு 36 அங்குல ஷீட் என்றால் விரித்தால் ஒரே நீளப் பக்கம், மடித்தால் இரண்டு பக்கம். முப்பது ஷீட் என்று பேசியிருப்போம். படம் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது நாற்பத்தைந்து ஆகிவிடும். கூடுதல் ஷீட் ஒன்றுக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கினால் அந்த நேரத்தில் பேரம் பேச வேண்டியதில்லை. நடுவில் மணமக்கள் முகம் மடிப்பில் விழாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

12. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தேதி உறுதிசெய்ய ஒரு பகுதி, கல்யாணத்தன்று ஒரு பகுதி, ஆல்பமும் வீடியோவும் கைக்கு வரும்போது மீதி. கடைசிப் பகுதி கால் பங்குக்குக் குறையக் கூடாது. கொடுப்பதை வங்கி மூலமாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ கொடுத்து, ரசீதும் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

13. ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். தெரிந்த பையன், பக்கத்துத் தெரு என்றாலும் எழுதுங்கள். எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நல்ல தொழில்காரர்கள் தாங்களே ஒரு தாளை நீட்டுவார்கள். வருகிறவர் பெயர், தேதி, நேரம், தொகை, ஆல்பம் எப்போது கிடைக்கும் என்பவற்றோடு, இரண்டு சிக்கல்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உடல்நிலை சரியில்லாமல் போனால் பதிலுக்கு யார்? நம் வீட்டில் ஏதாவது ஆகித் தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும்? 2020இல் ஊரடங்கால் கல்யாணங்கள் தள்ளிப்போனபோது முன்பணம் குறித்துப் பல வீடுகளுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் தகராறு வந்தது. தாளில் ஒரு வரி இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

14. படங்கள் சட்டப்படி யாருக்குச் சொந்தம் தெரியுமா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். அந்த 'வேறு மாதிரி' பல ஸ்டூடியோக்களின் அச்சடித்த தாளில் கீழே பொடி எழுத்தில் இருக்கும். "எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் உரிமையை நாமே கொடுத்ததாகிவிடும். படித்துப் பார்த்து, அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

15. அதோடு சேர்ந்த இன்னொன்று: உங்கள் வீட்டுப் படங்களை அவர்கள் இன்ஸ்டாகிராமிலோ விளம்பரத்திலோ போடலாமா? இதை மணப்பெண்ணிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். போடலாம் என்றால் எந்தப் படம் என்று பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு. கூடாது என்றால் அதை எழுத்தில். பெண்ணின் அலங்கார அறைக்குள் எடுக்க ஒரு பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேளுங்கள். இப்போது மதுரை, திருச்சி, கோவை போன்ற இடங்களிலும் பெண்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளே இருந்தால் பெண்ணும் தோழிகளும் இயல்பாகச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு படத்தில் வரும். இஸ்லாமியத் திருமணங்களில் பெண்கள் பகுதிக்கு இது கேட்கவே வேண்டாத தேவை.

16. கோயிலில் கல்யாணம் என்றால் தேவஸ்தான அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். பல கோயில்களில் குறிப்பிட்ட மண்டபத்துக்குள் மட்டும்தான் கேமரா. கட்டணச் சீட்டும் வாங்க வேண்டியிருக்கும். செல்போனைக் கோயிலுக்குள் தடைசெய்ய வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபின் கெடுபிடி கூடியிருக்கிறது. சித்தப்பா செல்போனில் எடுத்துவிடுவார் என்று நம்பியிருக்க முடியாது. தேவாலயத் திருமணத்தில் பீடத்தின் அருகே போகலாமா, பிளாஷ் போடலாமா என்பது அந்தந்தப் பங்குத்தந்தையின் விருப்பம். போட்டோகிராபரையே ஒரு முறை அவரைப் பார்த்துப் பேசிவரச் சொல்வது நல்லது.

17. டிரோன் வேண்டுமா என்பதை நன்றாக யோசியுங்கள். மண்டபத்துக்கு உள்ளே நடக்கும் கல்யாணத்தில் டிரோனுக்கு வேலை குறைவு. ஊர்வலம், திறந்தவெளி ரிசப்ஷன் என்றால் நன்றாக இருக்கும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். டிரோனுக்குப் பதிவு எண்ணும் வேண்டும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடவே கூடாது. மீனம்பாக்கம், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து மண்டபங்களும் கோவை பீளமேட்டு மண்டபங்களும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. குழந்தைகள் ஓடியாடும் கூட்டத்தின் தலைக்கு மேல் எங்கேயும் வேண்டாம்.

18. கல்யாணத்துக்கு முன் எடுக்கும் அவுட்டோர் ஷூட் உங்கள் விருப்பம். இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் டிரைபாடும் தனி விளக்குகளும் வைக்க முன் அனுமதி வேண்டும். ரயில் தண்டவாளத்தில் எடுப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அருவி உச்சி, அணை மதகு, பாறை விளிம்பு என்று ஒரு போட்டோகிராபர் அழைத்தால், அவரைக் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். மணமக்களின் உயிரை விடப் படம் பெரிதென்று நினைப்பவர் வேறு எதையும் பொறுப்பாகச் செய்யமாட்டார்.

19. "கார்டு கெட்டுப்போச்சு" என்ற வார்த்தையைக் கேட்காமல் இருக்க, முன்பே கேட்க வேண்டியவை இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமராவா? அன்று இரவே எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுப்பீர்களா? ஒழுங்கான தொழில்காரர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்பட்டு, தான் எப்படிச் செய்கிறார் என்று விவரமாகச் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்பது பதில் இல்லை.

20. வந்தவர்களைச் சாப்பிட வையுங்கள். நாலரை மணி முகூர்த்தத்துக்கு அவர்கள் மூன்று மணிக்கே மேடையில் இருக்க வேண்டும். முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து படுக்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். ஒரு அறையும் நான்கு பாயும் ஒதுக்குங்கள். முகூர்த்தம் முடிந்ததும் இரண்டாவது பந்தியிலேயே அவர்களைப் பாதிப் பாதியாக இலையில் உட்கார வையுங்கள். கடைசிப் பந்திவரை காத்திருந்து, பாயசம் தீர்ந்த பிறகு சாப்பிடுகிறவர்கள் மாலை நலங்கை எந்த உற்சாகத்தோடு எடுப்பார்கள்? கேமராமேனும் லைட் பிடிக்கும் பையனும் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள்தான். போகும்போது தாம்பூலப் பையும் கொடுத்தனுப்புங்கள்.

21. கல்யாணம் முடிந்த வாரத்திலேயே, மணமக்கள் மாலையோடு நேராக நிற்கும் தெளிவான படங்கள் பத்து வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும். 90 நாளுக்குள் பதிவது நல்லது. கணவரோ மனைவியோ வெளிநாட்டில் இருந்தால் விசா விண்ணப்பத்துக்கும் கல்யாணப் படங்கள் கேட்பார்கள். ஆல்பம் வரும்வரை அதற்காகக் காத்திருக்க முடியாது.

22. ஆல்பம் தாமதமாவதற்குப் பல நேரம் காரணம் நாம்தான். மூவாயிரம் படத்திலிருந்து முந்நூறு தேர்ந்தெடுக்க வேண்டும். பெண் வீட்டில் ஒரு பட்டியல், மாப்பிள்ளை வீட்டில் ஒரு பட்டியல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். யார் பக்கத்து உறவினருக்கு எத்தனை பக்கம் என்று வருத்தம்கூட வரும். மறுவீடு, விருந்தெல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் இருவருமே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும். இரு வீட்டுக்கும் ஒரே மாதிரி ஒவ்வொரு ஆல்பம் போடுவது நல்ல பழக்கம். பெரியவர்கள் இருக்கும் படங்களை அழகில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

23. அசல் கோப்புகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டூடியோ அவற்றைக் காலமெல்லாம் வைத்திருக்காது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அடுத்த கல்யாணங்களுக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிடும். பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை நம் வீட்டிலும் மற்றதைச் சம்பந்தி வீட்டிலும் வையுங்கள். வருடம் ஒரு முறை இணைத்துத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்பத்தைத் தவிர ஐம்பது படமாவது காகிதத்தில் தனியாக அச்சிட்டு, பின்னால் பென்சிலால் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த குடும்பப் படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து தேடி மின்னுருவாக்கியிருக்கின்றன. இன்று அந்தக் காலத்து முகங்களை நாம் பார்க்க முடிகிறதென்றால், யாரோ காகிதத்தையும் கண்ணாடித் தகட்டையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான். ஆல்பத்தைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள்.

24. எல்லாம் பார்த்துச் செய்தும் ஏமாற்றப்பட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் நேரில் பேசுங்கள். பிறகு என்ன தரவில்லை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுத்தில் அனுப்புங்கள். பெரும்பாலான தகராறு அங்கேயே தீரும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே கேட்கப்போவது ஒப்பந்தத் தாளும் ரசீதுகளும்தான். ஆல்பமும் ஹார்டு டிஸ்க்கும் கைக்கு வரும்வரை அவற்றைக் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.